ஆறடி நாலங்குலப் பெண்ணைப் பார்க்கப் போன விவரம்

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
15 நவம்பர் 1987, ஞாயிறு

மதிப்பிற்குரிய மச்சான் கிருபைராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஜோசபினின் கணவன் ஏசுராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே ஆண்டவர் தயவில் இருவரும் சுகம். எனக்கு வலது முழங்காலிலும் அவளுக்கு என்னாலும் உள்ள பழைய வலியைத் தவிர வேறு குறை கிடையாது. அங்கே நாகர்கோவிலில் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்றும், கோட்டாறு கோயில் திருவிழாவுக்கு இதற்குள் பந்தல் கால் நட்டிருப்பார்கள் என்றும் நம்புகிறேன்.

தங்கள் 22-10-87 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. டாக்டர் செல்வின் வீட்டார் எங்கள் மகள் கிருபாராணியின் போட்டோவைப் பார்த்துத் திருப்தி அடைந்ததாகவும், பெண்ணுக்கு என்ன உயரம், என்ன வேலை, எப்போது ஊருக்கு வருவாள் என்ற மூன்றை மட்டும் தெரிவித்துவிட்டால் ஜனவரியில் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். உயரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் இருப்பதில் சுலபம். போட்டோவில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அது ஸ்டூடியோவில் எடுத்தது இல்லை. கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் இருந்த நான்கு வருஷத்தில் முக்கால்வாசி நேரம் அவள் மாற்று ஆட்டக்காரிகளுக்கான பெஞ்சில்தான் இருந்தாள், ஆகவே எங்களிடம் உள்ள நல்ல படமெல்லாம் உட்கார்ந்த நிலையில் உள்ளவை. இரண்டு பக்கமும் இருந்த பெண்களையும், கழுத்துக்குக் கீழே இருந்த பதினேழாம் நம்பர் பனியனையும் நான்தான் கத்தரித்தேன். எழுந்து நின்றால் ஐந்தடி பதினோரு அங்குலம். மாப்பிள்ளை ஐந்தடி ஆறு என்கிறீர்கள். கோயிலில் முக்கால்வாசி நேரம் முழங்காலில்தான் நிற்கப் போகிறார்கள், சமாளித்துவிடலாம் என்று ஜோசபின் சொல்கிறாள்.

வேலை விஷயம் கொஞ்சம் நீளம். டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் பணி என்று நான் பயோடேட்டாவில் எழுதியது பொய் இல்லை. மச்சானிடம் நான் எப்போதும் பொய் சொன்னதில்லை, சில விஷயங்களைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். 1979-ல் அவளுக்கு முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தபோது கணக்குப் பாடத்துக்குத்தான் என்று நினைத்து நான் ஊரில் எல்லோருக்கும் எழுதினேன். நீங்கள்கூட கோட்டாறில் நன்றிப் பூசை வைத்தீர்கள். ஆகஸ்ட் மாதம் பெட்டி படுக்கையோடு அவளைக் கொண்டுபோய் விட்ட அன்றுதான், கணக்குத் துறையில் அவளை ஒருத்தருக்கும் தெரியாது, ஜிம்மில் எல்லோருக்கும் தெரியும் என்பதைக் கண்டுகொண்டேன். வைத்த பூசையைத் திருப்பி வாங்க முடியாது என்பதால் ஊருக்கு எழுதவில்லை. சரி, நான்கு வருஷம் பந்து விளையாடிவிட்டு ஒழுங்காக ஒரு வேலைக்குப் போவாள் என்று பார்த்தால், கணக்கிலும் நல்ல மார்க் வாங்கி, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி வீட்டுக்கே லெட்டர் அனுப்பியும், அது வேண்டாம் என்று அதே அணியின் பயிற்சியாளர் குழுவில் உதவியாளாகச் சேர்ந்துகொண்டாள். எம்.எஸ். படிக்கிறாள் என்று உங்களுக்கு எழுதினேன், அதுவும் உண்மைதான். படிப்பை இலவசமாகத் தந்து, அதற்குப் பதிலாகப் பதினான்கு பெண்களின் பனியனைத் துவைத்து, வேன் ஓட்டி, ஆட்டத்தை வீடியோ எடுக்கச் சொன்னார்கள். இந்த வீட்டில் தான் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத பெண், மச்சான்.

இரண்டு வருஷம் துவைத்த பிறகு டெக்ஸாஸில் இன்னொரு கல்லூரி அவளை முழுநேர உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. டல்லாஸ் பக்கத்தில் இர்விங் என்ற ஊரில் ஒரு அபார்ட்மெண்ட். நாங்கள் போய்ப் பார்த்தோம். உட்கார ஒரு நாற்காலி இல்லை, வி.சி.ஆர். மட்டும் இரண்டு இருக்கிறது. ஒன்றில் எதிரணியின் ஆட்டத்தை ஓடவிட்டு, இன்னொன்றில் வேண்டிய இடத்தை மட்டும் பிடித்து, யார் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று நோட்டில் எழுதுகிறாள். மீதி நேரத்தில், நாடு முழுக்க உள்ள உயரமான பள்ளிக்கூடப் பெண்களுக்குத் தன் கைப்பட வாரா வாரம் கடிதம் போடுகிறாள். பெற்ற தாய் தகப்பனுக்கு அவள் கடிதம் எழுதிக் கடைசியாகப் பார்த்தது 1981-ல். நாங்கள் உயரம் போதவில்லை போலிருக்கிறது.

இந்த உத்தியோகத்தில் இருக்கும் விசித்திரத்தை நீங்கள் கேட்டால் நம்ப மாட்டீர்கள். அணி தோற்றால் தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவார்கள், அது நியாயம். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் போனால் அவரோடு சேர்த்து உதவியாளர்கள் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். நம் ஊரில் கலெக்டரை மாற்றினால் டவாலி முதல் டைப்பிஸ்ட் வரை எல்லோரையும் வேலையை விட்டு எடுப்பார்களா? இங்கே எடுக்கிறார்கள். ஆக, என் மகளின் சோறு பத்தொன்பது வயதுப் பெண்கள் சிலர் பந்தை எந்தப் பக்கம் எறிகிறார்கள் என்பதைப் பொறுத்து இருக்கிறது. அவளுடைய மேலதிகாரி மெக்கெல்வி என்ற அம்மாள், நல்ல மனுஷி, ஆனால் இரண்டு வருஷமாகத் தோல்வி. வருகிற மார்ச்சுக்குள் நிலைமை தேறுவதற்கு ஒரு வழி தெரியாவிட்டால் மொத்தக் குழுவுக்கும் வேலை இல்லை என்று கல்லூரி சொல்லிவிட்டது.

எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் விலகி நின்று பார்க்கிற ஒரு ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அணியில் கூடைக்கு அடியில் நிற்க உயரமான பெண் ஒருத்தி இல்லை. எதிரணி தவற விடுகிற பந்தை எதிரணியே எடுத்து மறுபடி போடுகிறது. இந்த வருஷத்திலிருந்து தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று பாயிண்ட் என்று பெண்களுக்கும் விதி வந்திருக்கிறது. உள்ளே ஒரு நெட்டைப் பெண் நின்று இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டால்தானே வெளியே நிற்கிறவளுக்குக் கை ஓடும்? இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். போன பிப்ரவரியில் அவர்கள் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றதையும், அதில் நான்கு ஆட்டம் கடைசி இரண்டு நிமிஷத்தில் கை நழுவியதையும் நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, ஜோசபின் சொல்லித்தான் தெரியும்.

அந்த நெட்டைப் பெண் எங்கள் நியூ ஜெர்சியிலேயே ட்ரென்டன் ஊரில் இருப்பதாக ராணி கண்டுபிடித்தாள். பெயர் டெனீஸ் வாக்கர், வயது பதினேழு, உயரம் ஆறடி நாலங்குலம், வளர்வது இன்னும் நிற்கவில்லை. இப்படிப்பட்ட பெண்ணை ஒரு கல்லூரிக்கு இழுக்க என்ன செய்கிறார்கள் என்றால், பயிற்சியாளர்கள் அவள் வீட்டுக்கு நேரில் போகிறார்கள். ஹாலில் உட்கார்ந்து தங்கள் குடும்பப் பெருமையைச் சொல்கிறார்கள். பெண் வந்து நிற்கிறாள், பெற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள், பிறகு லெட்டர் போடுகிறோம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். கேட்டவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது பெண் பார்ப்பதுதான். ஒரே வித்தியாசம், இங்கே பெண் வீட்டார் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருக்க, பார்க்கப் போகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அக்டோபர் நாலாம் தேதி ஞாயிறு மூன்று மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். ராணி சனிக்கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மெக்கெல்வி அம்மாள் ஞாயிறு காலை விமானத்தில் வருவதாக ஏற்பாடு. டல்லாஸில் புயல் மழை, விமானம் கிளம்பவில்லை, நீயே போய்ப் பேசிவிடு என்று போன் வந்தது. ராணி வாடகைக்கு எடுத்து வந்திருந்த கார் எப்படி இருக்கிறது என்று நான் சனிக்கிழமை சாயங்காலம் சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஹெட்லைட்டையும் போட்டுப் பார்த்தேன். அதை அணைத்தேனா என்பதில் இந்த வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது. பூசை முடிந்து வந்து சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சு விடவில்லை. என் ஷெவர்லேயை நான் இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியும், ஆகவே நானே ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று.

"ஓகே, ஆனா அப்பா, நீங்க கார்லயே இருக்கணும். உள்ள வரவே கூடாது. ரூல் இருக்கு. ஸ்டாஃப் மட்டும்தான் பேசலாம்" என்றாள் ராணி.

"எனக்கு அங்க என்னம்மா வேலை? நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சிட்டு இருக்கேன்" என்றேன்.

அவள் மாடியில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது தங்கள் தங்கை ஒரு துணிப்பையோடு கராஜுக்கு வந்தாள். பையில் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முந்திரிக்கொத்து, ஒரு டப்பா அச்சுமுறுக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வயசுப் பிள்ளை இருக்க வீட்டுக்கு வெறுங்கையோடவா போவாங்க? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? டிரைவர் சீட்டுக்குப் பின்னால வச்சிருக்கேன். ராணிகிட்ட சொல்லாதீங்க, வேண்டாம்னு ஆடுவா."

இதில் என்ன தப்பு இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். நீங்கள் ஜோசபினைக் கட்டிக்கொடுக்குமுன் எங்கள் அம்மா உங்கள் வீட்டுக்கு ஒரு குலை பழத்தோடு வந்தாளா இல்லையா? நான் வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்தேன்.

ட்ரென்டனில் அவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது சரியான மழை. ராணி ஃபைலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் சொன்ன சொல் தவறாமல் காரிலேயே இருந்தேன். பத்து நிமிஷம் இருந்திருப்பேன், அந்தப் பெண்ணின் தாயார் மிஸஸ் வாக்கர் குடையோடு இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். கணவரை இழந்தவர், தபால் ஆபீஸில் வேலை, அவர்கள் சர்ச்சில் பாட்டுக்குழுவுக்குத் தலைவி. குரலைக் கேட்டாலே அது தெரியும். "என் வீட்டு வாசலில் ஒரு பெண்ணைப் பெற்றவர் மழையில் காருக்குள் உட்கார்ந்திருப்பதா? எழுந்து வாங்க" என்று அவர் இங்கிலீஷில் சொன்ன தோரணையில் எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. ரூல் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார். இறங்கும்போது கை தானாகப் பின்சீட்டுக்குப் போய்ப் பையை எடுத்தது. வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏற என் காலுக்குத் தெரியாது, மச்சான்.

உள்ளே சோபாவில் ராணி கல்லூரிப் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. சமையலறை நிலைப்படியில் தலை குனிந்து அந்தப் பெண் டெனீஸ் வந்தாள். நல்ல அடக்கமான பிள்ளை, ஒரு வார்த்தை பேசவில்லை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். நம் வழக்கப்படி நான் பையைப் பெண்ணின் கையிலேயே கொடுத்தேன். "டாட், நோ!" என்று ராணி எழுந்துவிட்டாள். ஆனால் டெனீஸுக்கு மூன்று தம்பிகள். ராணி சோபாவை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றி வருவதற்குள் முதல் டப்பா திறந்து பாதி காலி. டெனீஸ் ஒரு முந்திரிக்கொத்தை வாயில் போட்டுக்கொண்டு, "வாட் இஸ் திஸ்?" என்று முதல் தடவையாகப் பேசினாள். பாசிப்பயறும் வெல்லமும் என்று நான் விளக்கினேன். இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு மிஸஸ் வாக்கர் எனக்குக் காபி கொடுத்து, ராணியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு காலேஜ்ல விளையாடினவ. இப்ப கோச்சா இருக்கா. பெத்தவரா இருந்து சொல்லுங்க, அனுப்பலாமா?" என்று கேட்டார். ராணி கண்ணாலேயே கெஞ்சினாள். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. எட்டு வருஷமாக மனதில் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் ஒரு மூச்சில் கொட்டிவிட்டேன். அம்மா, என்னைக் கேட்காதீர்கள், நான் பட்டவன், நான்கு வருஷத்தில் ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட விட்டார்களா, போட்டால் விடிகாலையில் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், பிள்ளை காய்ச்சலில் கூடப் பரீட்சை எழுதினாள், சரி படித்தாளே என்று பார்த்தால் வந்த வேலையை விட்டுவிட்டுக் கண்ட பெண்களின் பனியனைத் துவைத்தாள், இப்போது அவள் அபார்ட்மெண்டில் எந்த நேரம் போனாலும் நாலு பெண்கள் உட்கார்ந்து அவள் பொங்கிய சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறார்கள், ஒருத்திக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனபோது இவள் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே மூன்று நாள் தூங்கிக்கொண்டு எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு வராமல் போனாள், ஒருத்தி பரீட்சையில் ஃபெயிலானால் இவள் சாப்பிடுவதில்லை, எல்லாவற்றையும் என் பிள்ளைகள் என் பிள்ளைகள் என்கிறாள், அப்புறம் எனக்குப் பேரப்பிள்ளை எங்கிருந்து வரும், சொல்லுங்கள், இவளால் எங்களுக்கு ஒரு பிரயோஜனம் இல்லை, எல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குத்தான் என்றேன்.

சொல்லி முடித்துக் காபியைக் குடித்தேன். மிஸஸ் வாக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இதே சோபாவில் ஐந்து காலேஜ்காரங்க உட்கார்ந்து போயாச்சு. ஒருத்தரும் இந்த மாதிரி பேசலை" என்றார். நான் குறை சொல்கிறேன் என்பதை அந்த அம்மாளுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியிலும் மழை விடவில்லை. "அப்பா, ஒரு பேனாகூடக் குடுக்கக் கூடாது. ஒரு தொப்பி, ஒரு சாக்லேட், எதுவும். குடுத்தா ஆள் பிடிக்க லஞ்சம்னு அர்த்தம்" என்றாள் ராணி.

"நாம காபி குடிச்சோமே?"

"அவங்க குடுக்கலாம். நாம குடுக்கக் கூடாது."

"சரி விடு. அந்தப் பையன்க எல்லாத்தையும் தின்னு முடிச்சிட்டானுங்க. யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேனே, டாட்" என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் மெக்கெல்வி அம்மாளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். மறுநாள் டெக்ஸாஸ் திரும்பியதும் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் அதிகாரியிடம் தானே படிவம் எழுதிக் கொடுத்தாள். கொடுத்த பொருள் என்ன, எத்தனை, திருப்பித் தரக்கூடிய நிலையில் உள்ளதா என்றெல்லாம் அதில் கட்டம் இருக்கிறது. அப்பா செய்தார், அம்மா செய்தார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை, பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆனாலும் அந்த அதிகாரி, ஹாக்கின்ஸ் என்று பெயர், எனக்குப் போன் செய்தார்.

"அந்தப் பலகாரத்தைக் கொடுத்ததன் நோக்கம் என்ன?" என்று கேட்டார்.

"அவங்க வீட்டுக்குப் போனோம்" என்றேன்.

"அது புரிகிறது. நோக்கம் என்ன?"

"அதான் சொன்னேனே சார், வீட்டுக்குப் போனோம்."

மூன்றாம் தடவையும் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன். கடைசியில் அவர் ஏதோ எழுதிக்கொண்டார், என்ன எழுதினார் என்று தெரியாது.

போன வாரம் தீர்ப்பு வந்தது. டெனீஸ் மேல் குற்றம் இல்லை, அவள் எங்கே வேண்டுமானாலும் சேரலாம். ராணி வசந்த காலம் வரைக்கும் எந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போகக் கூடாது, போன் செய்யவும் கூடாது. எனக்கும் கல்லூரி முத்திரை வைத்து ஒரு கடிதம் வந்தது. திரு. ஏசுராஜ் இனிமேல் எந்த உயர்நிலைப்பள்ளிப் பாஸ்கெட்பால் வீராங்கனையுடனோ அவள் குடும்பத்தாருடனோ அணியின் பொருட்டு நேரிலும் தபாலிலும் தொலைபேசியிலும் தொடர்புகொள்ளலாகாது. பத்தொன்பது வருஷமாக இந்த நாட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் தலை குனிந்து வேலை பார்க்கிறேன், ஒரு பார்க்கிங் டிக்கெட் வாங்கியதில்லை. ஜோசபின் அந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இப்போது எப்போது வருவாள் என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். டெனீஸ் எந்தக் கல்லூரி என்று கையெழுத்துப் போடக் கடைசி நாள் வருகிற புதன்கிழமை. இன்னும் போடவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கல்லூரி கூப்பிடுகிறது, வீட்டுக்குப் பக்கம், தாயார் நினைத்தால் அரை மணியில் போய்ப் பார்த்துவிடலாம். நேற்று ராணி போன் செய்தபோது நான் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். டாக்டர் பையன், சொந்தமாக கிளினிக், கெட்ட பழக்கம் இல்லை என்பதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"அப்பா, டெனீஸ் சைன் பண்ணலேன்னா மார்ச்ல எங்க எல்லாருக்கும் வேலை போயிடும். அப்புறம் நான் எங்கயும் அப்ளை பண்ண மாட்டேன். ஊருக்கு வரேன். மாமா பார்த்த பையனைப் பார்க்கறேன். ப்ராமிஸ்" என்றாள்.

"சைன் பண்ணிட்டா?"

"பண்ணிட்டா, என்னை விட்டுடுங்க. ஓகே?"

ஓகே என்றேன். அவள் அழவில்லை. ஆனால் போனை வைக்குமுன் அதே ஓகேயை மெதுவாக இன்னொரு தடவை சொன்னாள். அந்த இரண்டாவது ஓகே எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைப்பதற்கில்லை.

ஆக மொத்தத்தில் காரியம் தொண்ணூறு சதவீதம் முடிந்த மாதிரிதான். எந்தத் தாயும் பக்கத்தில் உள்ள கல்லூரியை விட்டுவிட்டு ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் பிள்ளையை அனுப்ப மாட்டாள், அதுவும் ஒரு மகளின் தகப்பன் அவ்வளவு தூரம் எச்சரித்த பிறகு. தாங்கள் டாக்டர் வீட்டாரிடம் தைரியமாகச் சரி என்று சொல்லலாம். அவளுக்கு மார்ச் வரை ஆட்டம் இருக்கிறது, ஜனவரிக்குப் பதில் ஏப்ரலில் ஈஸ்டர் கழிந்ததும் ஓலை வாசிக்கச் சொல்லுங்கள். மே மாதம் மண்டபத்துக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். இந்த விளையாட்டு, இந்த விதிப்புத்தகம், இந்த நெட்டைப் பெண்கள், எல்லாவற்றையும் நான் இன்றோடு தலை முழுகிவிட்டேன். புதன்கிழமை என்ன ஆனாலும் எனக்குக் கவலை இல்லை. இன்று பூசையில் என்ன கேட்டு ஜெபிப்பது என்று தெரியாமல் பொதுவாக உலக சமாதானத்துக்கு வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்காவுக்கு எங்கள் இருவரின் அன்பைச் சொல்லவும். சின்னவள் பரீட்சைக்கு என் ஆசீர்வாதம். தங்கள் வீட்டிலும் தொழிலிலும் தேவமாதாவின் துணை என்றும் குறையாதிருக்கட்டும். திருவிழாவில் எங்கள் பேரிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஏசுராஜ்

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை. தபால் ஆபீஸ் போகக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது போன் அடித்தது. மிஸஸ் வாக்கர். உங்களோடு பேச எனக்குத் தடை இருக்கிறது, முத்திரை வைத்த கடிதம் வந்திருக்கிறது என்றேன். "எனக்கு ஒரு கடிதமும் வரலை. நான் பேசறேன், நீங்க கேளுங்க" என்றார். இத்தனை வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவர், கடிதத்தைப் பற்றி அவரோடு வாதாட முடியுமா?

அவர் சொன்னது இதுதான். "வர்ற கோச் எல்லாரும் என் பொண்ணை மகள் மாதிரி பார்த்துக்குவேன்னு சொல்றாங்க. ரெண்டு வருஷத்துல வேற காலேஜுக்குப் போயிடறாங்க. என் பொண்ணு யாரோடயும் சீக்கிரம் பழக மாட்டா. உங்க மகள் நாலு வருஷமும் அங்க இருப்பாளா? அதை மட்டும் சொல்லுங்க. இருப்பான்னா நாளைக்கு டெக்ஸாஸுக்குக் கையெழுத்து. இல்லைன்னா ஃபிலடெல்ஃபியா."

ஜோசபின் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் போதும், மச்சான். அது உண்மையும்கூட. மே மாதம் கல்யாணம் நடந்திருக்கும். ஒருத்தி தான் பெற்ற ஒரே பெண்ணை என் மகளை நம்பிக் கொடுக்கிறேன் என்கிறாள். பெற்ற நான் எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவளை நம்பி ஒரு வார்த்தை சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இருப்பாள் அம்மா, நாலு வருஷமும் இருப்பாள், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். ஜோசபின் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டெனீஸ் வந்து சேருவது 1988 ஆகஸ்ட். படித்து முடிப்பது 1992 மே. அதுவரைக்கும் நம் பெண் ஃப்ரீ இல்லை. மண்டபம் வேண்டாம். டாக்டர் செல்வின் காத்திருப்பதானால் காத்திருக்கட்டும், இங்கே வருவதானால் டல்லாஸில் நிறைய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு பெண் வீட்டாருக்கு நான் வாக்குக் கொடுத்தாயிற்று, அதை மீறுவதற்கில்லை. மீதியை அவர்களிடம் நீங்களே எப்படியாவது பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எனக்கு இன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.